ஆவணம் இல்லாத பழைய ஐஎஸ்ஏ அட்டை: முகவரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

சிறுபட்டறை எழுதியது:

வணக்கம். எஃகுக் கம்பியின் இழுவலிமையைச் சோதிக்கும் பழைய இயந்திரம் ஒன்று எங்கள் பட்டறையில் இருக்கிறது. இயந்திரம் இன்றும் குறையில்லாமல் ஓடுகிறது. ஆனால் அதனுடன் வந்த 386 கணினியின் மதர்போர்டு செயலிழந்துவிட்டது, வன்தட்டு சுழலவில்லை, மென்பொருள் இருந்த ஃபிளாப்பிகளும் காணாமற்போய்விட்டன. அந்தக் கணினிக்குள் செருகியிருந்த ஐஎஸ்ஏ (பழைய கணினிகளில் கூடுதல் அட்டைகளைச் செருகும் முறை) அட்டை மட்டுமே மிச்சம். இயந்திரத்தைத் தயாரித்தவர்கள் தொழிலை விட்டு வெகுகாலம் ஆகிறது.

அட்டையில் நிறுவனத்தின் பெயர் இல்லை. தைவானில் தயாரானது என்ற குறிப்பும் ஒரு வரிசை எண்ணும் மட்டுமே அச்சாகியிருக்கின்றன. அந்த எண்ணை இணையத்தில் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. 62 முனைகள் கொண்ட 8 பிட் அட்டை அது. அதில் 8255, 8253, ஏடி574ஏ, டிஜி508, 74எல்எஸ்688, 74எல்எஸ்245, 74எல்எஸ்138, 74எல்எஸ்00 ஆகிய ஐசிகள் இருக்கின்றன. ஆறு சிறு சுவிட்சுகள் கொண்ட டிப் சுவிட்ச் ஒன்றும், ஆறு இணை ஊசிகள் கொண்ட ஜம்பர் தொகுதி ஒன்றும், இரண்டு இணை கொண்ட இன்னொரு தொகுதியும் உள்ளன. பின்புறம் 37 முனை இணைப்பான்.

440பிஎக்ஸ் சிப்செட்டும் பென்டியம் 3 செயலியும் கொண்ட ஒரு மதர்போர்டு என்னிடம் இருக்கிறது. அதில் ஓர் ஐஎஸ்ஏ துளை உண்டு. டாஸ் வகை இயங்குதளமான ஃப்ரீடாஸ் நிறுவியிருக்கிறேன். கருவி என்று சொன்னால் ஒரு மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும்தான். அட்டையைச் செருகிவிட்டு, எல்லாப் போர்ட் முகவரிகளையும் (கணினி ஒவ்வொரு சாதனத்தோடும் பேசப் பயன்படுத்தும் எண்கள்) ஒரு சிறு நிரலால் வரிசையாகப் படித்துப் பார்த்தால் அட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுமா? அப்படிச் செய்வதால் ஏதேனும் கெடுமா? முகவரி தெரிந்த பிறகு சுமையின் அளவை எப்படிப் படிப்பது? வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஈயக்கோல் எழுதியது:

வணக்கம் நண்பரே. உங்கள் பட்டியலைப் பார்த்ததும் மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் அதில் நிரல் பதித்த ஐசி ஒன்றுகூட இல்லை. பிஏஎல், ஜிஏஎல் வகை ஐசியோ மைக்ரோகன்ட்ரோலரோ இருந்திருந்தால், அதற்குள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை வெளியிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கும். உங்கள் அட்டையில் இருப்பவை எல்லாமே யாரும் கடையில் வாங்கக்கூடியதாக இருந்த பொது ஐசிகள்: 8255 உள்ளீடு-வெளியீட்டுப் போர்ட்டுகளுக்கு, 8253 நேரக் கணக்குக்கு, ஏடி574ஏ மின்னழுத்தத்தை எண்ணாக மாற்ற, டிஜி508 பல அனலாக் உள்ளீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, 74எல்எஸ்688-உம் 138-உம் முகவரியை அடையாளம் காண, 245 தரவுக் கம்பிகளை இயக்க. ஒவ்வொன்றின் தரவுத்தாளும் இன்றும் கிடைக்கிறது. ஆகவே அவற்றுக்கிடையே ஓடும் செம்புத் தடங்களைப் பின்தொடர்ந்தாலே, தொலைந்துபோன கையேட்டில் இருந்திருக்கக்கூடிய செய்திகள் அத்தனையையும் நீங்களே எழுதிவிடலாம்.

எல்லாப் போர்ட்டுகளையும் வரிசையாகப் படிக்கும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். எழுதினால்தான் ஆபத்து, படிப்பதால் ஒன்றும் ஆகாது என்று பலரும் நினைக்கிறார்கள். படித்தவுடனேயே நிலை மாறும் சாதனங்கள் கணினியில் ஏராளம். தொடர் போர்ட்டுக்கு வந்து காத்திருக்கும் எழுத்து, ஒருமுறை படித்தால் அங்கிருந்து போய்விடும் என்பது எளிய உதாரணம். அதைவிட முக்கியம், அப்படிப் படித்து வரும் எண்களிலிருந்து எது உங்கள் அட்டை என்று சொல்லவே முடியாமல் போகலாம். அட்டை மேசையில் கிடக்கும்போதே விடை தெரிந்துவிடும் என்கிறபோது அந்த வழி எதற்கு?

முதலில் மின்சாரம். அட்டையை இன்னும் செருக வேண்டாம். பின்தகட்டுக்கு மிக அருகில் இருக்கும் முனைதான் 1. ஐசிகள் இருக்கும் பக்கம் ‘ஏ’, சால்டர் பக்கம் ‘பி’. பி1, பி10, பி31 ஆகியவை தரை. பி3, பி29 ஆகியவை 5 வோல்ட். பி9 என்பது 12 வோல்ட். பி7 என்பது மைனஸ் 12. பி5 என்பது மைனஸ் 5. ஒவ்வொரு மின்முனைக்கும் தரைக்கும் இடையே மின்தடையை அளந்து பாருங்கள். சில ஓம் மட்டுமே காட்டினால், அந்தத் தடத்தில் இருக்கும் டான்டலம் மின்தேக்கி உள்ளே ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு மிகுதி. மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் சொட்டு வடிவில் இருப்பவை அவை. வயதாகிக் கெடும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் தீப்பிடிக்கவும் கூடும். 12 வோல்ட் தடத்தில் 16 வோல்ட் டான்டலம் போட்டிருந்தால், அது நல்ல நிலையில் இருந்தாலும் நான் 35 வோல்ட் ஒன்றாக மாற்றிவிடுவேன்.

பி5-இலிருந்து ஏதேனும் தடம் புறப்படுகிறதா என்றும் பாருங்கள். 2003-க்குப் பிறகு வந்த பவர் சப்ளைகளில் மைனஸ் 5 வோல்ட் பெரும்பாலும் கிடையாது. உங்கள் அட்டை அதைப் பயன்படுத்தவில்லையானால் கவலை இல்லை. ஏடி574ஏ-க்கு மைனஸ் 12 வேண்டும், அது ஏறக்குறைய எல்லாப் பவர் சப்ளையிலும் வரும். ஆனால் அந்த ஐசி கேட்பது குறைந்தது 11.4 வோல்ட், பவர் சப்ளைக்கோ 10 சதவீதம் வரை கூடக்குறைய அனுமதி உண்டு. எனவே பின்னர் மின்சாரம் கொடுத்ததும் அதன் 11-ஆம் காலில் உண்மையில் எவ்வளவு வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

தங்க முலாம் பூசிய முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும். அழிரப்பரால் தேய்ப்பது பழக்கத்தில் இருக்கிறது என்றாலும், முலாம் மிக மெல்லியது என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இனி முகவரி. ஐஎஸ்ஏ அட்டைகள் வழக்கமாக 0 முதல் 9 வரையிலான பத்து முகவரிக் கம்பிகளை மட்டுமே பார்க்கும். முகவரிக் கம்பி 0 என்பது ஏ31 முனை, கம்பி 1 என்பது ஏ30, இப்படியே இறங்கி வந்து கம்பி 9 என்பது ஏ22. உங்கள் 74எல்எஸ்688 எட்டு இணை உள்ளீடுகளை ஒப்பிடும் ஐசி: 2-3, 4-5, 6-7, 8-9, 11-12, 13-14, 15-16, 17-18 ஆகிய கால்கள் இணைகள். எல்லா இணைகளும் ஒத்துப்போனால் 19-ஆம் கால் தாழ்நிலைக்கு வரும். ஒவ்வோர் இணையிலும் ஒரு கால் முகவரிக் கம்பிக்கும் மறு கால் டிப் சுவிட்சுக்கும் போகும். மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, எந்தச் சுவிட்ச் எந்தக் கம்பியோடு ஒப்பிடப்படுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சுவிட்சின் எண் வரிசையும் கம்பியின் எண் வரிசையும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தடம் போட வசதியான வழியில்தான் வடிவமைப்பாளர் போயிருப்பார். பொதுவாக சுவிட்சின் ஒரு பக்கம் தரையிலும் மறுபக்கம் ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட்டிலும் இருக்கும். அப்படியானால் ஆன் என்றால் 0, ஆஃப் என்றால் 1.

688-இன் 1-ஆம் கால் ஏ11 முனைக்குப் போகிறதா என்றும் பாருங்கள். அந்த முனையில் வருவது ஏஇஎன் குறிப்பலை. டிஎம்ஏ (செயலியின் தலையீடின்றி நினைவகத்துக்கு நேரடியாகத் தரவு போவது) நடக்கும்போது அட்டை தவறாக விழித்துக்கொள்ளாமல் தடுப்பது அது.

இதன் பிறகு 138-ஐப் பின்தொடருங்கள். அதன் 1, 2, 3-ஆம் கால்களுக்கு எந்த முகவரிக் கம்பிகள் வருகின்றன, 15, 14, 13, 12 ஆகிய வெளியீட்டுக் கால்கள் எந்த ஐசியின் தேர்வுக் காலுக்குப் போகின்றன என்று குறித்தால், அட்டையின் உள் வரைபடம் கிடைத்துவிடும். 8255-இன் தேர்வுக் கால் 6, 8253-க்கு 21, ஏடி574ஏ-க்கு 3. மேலும் ஏடி574ஏ-இன் 2, 4, 5, 6, 12, 28 ஆகிய கால்கள் எங்கே போகின்றன என்பதை மறக்காமல் எழுதுங்கள். சுமையைப் படிக்கும் முறை முழுவதும் அந்த ஆறு கால்களில்தான் இருக்கிறது.

இருநிலைவாசி எழுதியது:

தடம் பார்ப்பதுதான் சரியான வழி. அதற்கு இணையாக வேறு மூன்று இடங்களிலும் தேடிப் பார்க்கலாம். அட்டையில் எஃப்சிசி (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) எண் அச்சாகியிருந்தால், அதன் முதல் எழுத்துகள் யார் பெயரில் பதிவாகியிருக்கின்றன என்பதை அமெரிக்க எஃப்சிசி-யின் பதிவேட்டில் பார்க்கலாம். ‘டோட்டல் ஹார்ட்வேர் 99’ என்ற பழைய ஜம்பர் தொகுப்பில் எண்ணற்ற அட்டைகளின் கோட்டுப் படங்கள் இருக்கின்றன; பெயர் தெரியாவிட்டாலும் ஜம்பர்கள் அமைந்த இடத்தை வைத்து அடையாளம் காணலாம். மூன்றாவது, லினக்ஸ் கெர்னலின் ‘கமெடி’ பகுதி. பழைய அளவீட்டு அட்டைகள் பலவற்றின் ரெஜிஸ்டர் அமைப்பு அதன் மூல நிரலில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்துச் சிறு தயாரிப்பாளர்கள் பலர், மெட்ராபைட் டிஏஎஸ்-8 போன்ற பெயர்பெற்ற அட்டைகளின் அமைப்பையே பின்பற்றினார்கள். உங்கள் தடக் குறிப்பு கிடைத்ததும் அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் வேலை பாதியாகக் குறையும்.

சிறுபட்டறை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. எஃப்சிசி எண் இல்லை. மின்முனைகளில் ஷார்ட் எதுவும் இல்லை, பி5-இலிருந்து தடம் எதுவும் புறப்படவில்லை. நான் கண்டவற்றைக் கீழே எழுதுகிறேன்.

சுவிட்ச் 1 முதல் 6 வரை முறையே முகவரிக் கம்பி 9, 8, 7, 6, 5, 4 ஆகியவற்றோடு ஒப்பிடப்படுகின்றன. ஆன் என்றால் தரை. 688-இன் மீதி இரண்டு இணைகளும் தரையோடு இணைந்திருக்கின்றன. 1-ஆம் கால் ஏ11-க்குப் போகிறது.

138-இன் 1-ஆம் காலுக்குக் கம்பி 2-உம், 2-ஆம் காலுக்குக் கம்பி 3-உம் வருகின்றன. 3-ஆம் கால் தரை. அதன் 15-ஆம் கால் ஏடி574ஏ-க்கும், 14-ஆம் கால் 8255-க்கும், 13-ஆம் கால் 8253-க்கும் போகின்றன. 12-ஆம் கால் எங்கும் போகவில்லை.

ஏடி574ஏ-இன் 2-ஆம் கால் தரை. 4-ஆம் காலுக்கு முகவரிக் கம்பி 0, 5-ஆம் காலுக்கு முகவரிக் கம்பி 1. 6-ஆம் கால் 74எல்எஸ்00-இன் ஒரு வெளியீடு. அதன் இரண்டு உள்ளீடுகளும் பி13, பி14 முனைகளிலிருந்து வருகின்றன. 12-ஆம் கால் சிறிய ஜம்பர் தொகுதிக்குப் போகிறது. ஜம்பர் இப்போது இருக்கும் பக்கம் ஒரு ட்ரிம்பாட் (திருகிச் சரிசெய்யும் மின்தடை) வழியாக 8-ஆம் காலுக்குப் போகிறது, மற்றப் பக்கம் அனலாக் தரை. 28-ஆம் கால் 8255-இன் 10-ஆம் காலுக்குப் போகிறது.

டிஜி508-இன் 1, 16, 15-ஆம் கால்கள் 8255-இன் 14, 15, 16-ஆம் கால்களிலிருந்து வருகின்றன. 8255-இன் போர்ட் ஏ, 37 முனை இணைப்பான் வழியாக இயந்திரத்தின் எல்லைச் சுவிட்சுகளுக்கும், போர்ட் பி மோட்டார் ரிலேக்களை இயக்கும் யுஎல்என்2003 ஐசிக்கும் போகின்றன. பெரிய ஜம்பர் தொகுதி பி4 மற்றும் பி21 முதல் பி25 வரையிலான முனைகளோடு சேர்கிறது.

சுவிட்சுகள் கிடைத்த நிலை: ஆஃப், ஆன், ஆன், ஆன், ஆஃப், ஆன்.

இருநிலைவாசி எழுதியது:

அருமையான குறிப்பு. சுவிட்சுகளை இருநிலை எண்ணாக எழுதினால் 100010 வருகிறது. கீழ் நான்கு பிட்டுகளையும் சேர்த்தால் பதினாறுநிலை எண்ணில் அடிப்படை முகவரி 220. அந்த இடத்தை சவுண்ட் பிளாஸ்டர் அட்டைகள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும். 440பிஎக்ஸ் மதர்போர்டுகளில் ஒலி ஐசி உள்ளேயே இருந்தால் அதுவும் 220-ஐத்தான் கேட்கும். பழைய மென்பொருள் கையில் இல்லாததால் 220-ஐக் காப்பாற்ற வேண்டிய தேவையும் இல்லை. முதல் இரண்டு சுவிட்சுகளை ஆஃபிலும் மற்ற நான்கையும் ஆனிலும் வையுங்கள். முகவரி 300 ஆகும். முதல் ஐபிஎம் பிசி வந்த காலத்திலிருந்தே சோதனை அட்டைகளுக்கென்று ஒதுக்கிய இடம் அது. இருந்தாலும் பயாஸில் ஒலி ஐசியை அணைத்துவிடுங்கள்.

300-இல் வைத்தால் வரைபடம் இப்படி அமையும் (இனி வரும் முகவரிகளும், போர்ட்டுகளில் எழுதும், படிக்கும் மதிப்புகளும் பதினாறுநிலை எண்கள்). ஏடி574ஏ 300 முதல் 303 வரை. 8255-இன் போர்ட் ஏ 304, போர்ட் பி 305, போர்ட் சி 306, கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர் 307. 8253 என்பது 308 முதல். உங்கள் வேலைக்கு அது தேவைப்படாது. பெரிய தொகுதி ஐஆர்க்யூ, அதாவது குறுக்கீட்டுக் கம்பியின் தேர்வு. ஜம்பர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஐஎஸ்ஏ-யில் ஒரு குறுக்கீட்டுக் கம்பியை இரண்டு அட்டைகள் பகிர்ந்துகொள்ள முடியாது. எஃகுக் கம்பிச் சோதனை போன்ற மெதுவான வேலைக்குக் குறுக்கீடே வேண்டியதும் இல்லை.

பத்துக் கம்பிகளை மட்டும் பார்ப்பதால் உங்கள் அட்டை 700-இலும் அதைத் தாண்டி ஒவ்வொரு 1024 முகவரிக்கு ஒருமுறையும் பதில் சொல்லும். ஐஎஸ்ஏ-க்குப் பின் வந்த பிசிஐ முறைச் சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும்போது இந்த எதிரொலிகளைத் தவிர்க்கும் விதமாகவே ஒதுக்கீடு நடக்கிறது என்பதால் பயப்பட வேண்டாம். பயாஸில் 8 பிட் ஐஓ மீட்பு நேரம் என்ற அமைப்பு இருந்தால் அதை உச்ச மதிப்பில் வையுங்கள். 8255, 8253 போன்ற பழைய ஐசிகளுக்கு அடுத்தடுத்த அணுகல்களுக்கு இடையே சற்று ஓய்வு தேவை.

அடுத்து வருவது மிகவும் முக்கியம். 8255-ஐச் சோதிக்க எல்லா இடத்திலும் சொல்லப்படும் வழி, கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் 80 எழுதி மூன்று போர்ட்டுகளையும் வெளியீடாக்குவது. உங்கள் அட்டையில் அதைச் செய்யக் கூடாது. 8255-இன் 10-ஆம் கால் போர்ட் சி-யின் 7-ஆம் பிட். அதற்குள் ஏடி574ஏ தன் நிலையைச் செலுத்திக்கொண்டிருக்கிறது. அதை வெளியீடாக்கினால் இரண்டு ஐசிகளும் ஒரே கம்பியை எதிரெதிர் திசையில் இழுக்கும். போர்ட் ஏ-யை வெளியீடாக்கினால் எல்லைச் சுவிட்சுகளோடும் இதே மோதல் நேரும். உங்களுக்குரிய கட்டுப்பாட்டுச் சொல் 98: போர்ட் ஏ உள்ளீடு, போர்ட் சி-யின் மேல் பாதி உள்ளீடு, போர்ட் பி-யும் போர்ட் சி-யின் கீழ்ப் பாதியும் வெளியீடு.

37 முனைக் கேபிளைக் கழற்றிவிட்டு, போர்ட்டுகளில் நேரடியாக எழுதவும் படிக்கவும் உதவும் டாஸின் டீபக் நிரலில் 307-இல் 98 எழுதுங்கள்; பிறகு 305-இல் 55 எழுதித் திரும்பப் படியுங்கள்; அடுத்து 33 எழுதிப் படியுங்கள். எழுதியதே திரும்பி வந்தால் முகவரி, தரவுப் பாதை, 8255 மூன்றும் சரி. ஃப்ரீடாஸில் நேரடியாகச் செய்வது நல்லது. விண்டோஸ் எக்ஸ்பி-க்குள் திறக்கும் டாஸ் சாளரம் போர்ட்டுகளை உண்மையாக அணுக விடாது.

சிறுபட்டறை எழுதியது:

எல்லாவற்றையும் சொன்னபடியே செய்தேன். கணினி வழக்கம்போலத் தொடங்குகிறது, ஏடி574ஏ-இன் 11-ஆம் காலில் மைனஸ் 11.8 வோல்ட் வருகிறது. ஆனால் 305-இல் எதை எழுதினாலும் திரும்பி வருவது எஃப்எஃப் மட்டுமே. 304, 306 எல்லாவற்றிலும் அதேதான். 8255 போய்விட்டதா?

ஈயக்கோல் எழுதியது:

அவசரப்பட்டு 8255-ஐக் கழற்ற வேண்டாம். எல்லா முகவரியிலும் எஃப்எஃப் வருகிறது என்றால், தரவுக் கம்பிகளை யாருமே இயக்கவில்லை என்று பொருள். அதாவது அட்டை தன்னை அழைத்ததாகவே உணரவில்லை. பழுதான 8255-ஆக இருந்தால் ஏதோ ஒரு தவறான மதிப்பு வந்திருக்கும், அல்லது சில பிட்டுகள் மட்டும் மாறாமல் நின்றிருக்கும்.

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது 688-இல் சுவிட்சுகளோடு சேரும் ஆறு கால்களிலும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். சுவிட்சின் நிலையைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். ஆன் என்று வைத்திருக்கும் நான்கிலும் 0 வோல்ட்டுக்கு மிக அருகில் காட்ட வேண்டும். மல்டிமீட்டர் முனை பக்கத்துக் காலில் நழுவி ஷார்ட் ஆகாமல் இருக்க, ஊசி முனையைத் தவிர மற்றப் பகுதிக்கு வெப்பச் சுருக்கக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள். இது சரியாக இருந்தால் அடுத்தது 245: அதன் 19-ஆம் கால் 688-இன் வெளியீட்டோடும், 1-ஆம் கால் பி14 முனையோடும் தொடர்பில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சிறுபட்டறை எழுதியது:

ஐயா, மூன்றாவது சுவிட்ச் ஆனில் இருந்தும் அதன் காலில் 4.7 வோல்ட் காட்டியது. உள்ளே தொடர்பே ஏற்படவில்லை. அது முகவரிக் கம்பி 7-க்குரியது என்பதால் அட்டை 380-இல் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, 387-இல் 98 எழுதி 385-இல் 55 எழுதினேன். 55 திரும்பி வந்தது! 33-உம் அப்படியே வந்தது. டிப் சுவிட்சுக்குள் தொடர்பு சுத்திகரிப்புத் திரவம் தெளித்துச் சுவிட்சுகளை முன்னும் பின்னுமாக நகர்த்திய பிறகு 0.02 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. இப்போது 300-இலேயே பதில் சொல்கிறது. பெருமகிழ்ச்சி. இனிச் சுமையை எப்படிப் படிப்பது?

ஆய்வகத்துணை எழுதியது:

வாழ்த்துகள். ஏடி574ஏ-ஐப் பல அட்டைகளில் பழுதுபார்த்தவன் என்பதால் இந்தப் பகுதியை நான் எழுதுகிறேன்.

உங்கள் குறிப்பின்படி 5-ஆம் காலில் முகவரிக் கம்பி 1 இருக்கிறது. அந்தக் கால் தாழ்நிலையில் இருந்தால் அளவீடு தொடங்கும், உயர்நிலையில் இருந்தால் விடை வெளியே வரும். 4-ஆம் காலில் கம்பி 0 இருப்பதால், 300-ஐ அணுகினால் முழு 12 பிட் அளவீடும், 301-ஐ அணுகினால் 8 பிட் அளவீடும் தொடங்கும். எழுதும், படிக்கும் குறிப்பலைகள் வரும் பி13, பி14 இரண்டும் 74எல்எஸ்00 வழியாக 6-ஆம் காலுக்கு வருவதால், 300-இல் எழுதினாலும் சரி, படித்தாலும் சரி, அளவீடு தொடங்கிவிடும். 302-ஐப் படித்தால் மேல் எட்டு பிட்டுகளும், 303-ஐப் படித்தால் கீழ் நான்கு பிட்டுகளும் அவற்றுக்குப் பின் நான்கு பூச்சியங்களும் வரும்.

302-இலும் 303-இலும் ஒருபோதும் எழுதிவிடாதீர்கள். எழுதினால் ஏடி574ஏ தன் விடையை வெளியே தள்ளும் அதே நொடியில் 245-உம் கணினியின் தரவை உள்ளே தள்ளும், இரண்டும் மோதும். ஒரு தடவையில் கெட்டுவிடாது என்றாலும், நிரலில் ஒரு சுழற்சிக்குள் தெரியாமல் அது சேர்ந்துவிட்டால் இந்த ஐசிக்கு நல்லதல்ல. இன்று இதை மாற்றி வாங்குவது எளிதல்ல. சென்னை ரிச்சி தெருவில் 74எல்எஸ் வரிசை ஐசிகளைக் கேட்பதுபோல இதைக் கேட்டு வாங்கிவிட முடியாது.

முதல் சோதனைக்கு, 37 முனை இணைப்பானில் டிஜி508-இன் 4-ஆம் காலுக்குப் போகும் முனையை அனலாக் தரையோடு இணையுங்கள். 307-இல் 98, 306-இல் 0 எழுதினால் அந்த வழி தேர்வாகும். 300-இல் 0 எழுதி அளவீட்டைத் தொடங்குங்கள். 306-ஐப் படித்தால் அதன் 7-ஆம் பிட், அளவீடு நடக்கும்வரை 1 ஆகவும் முடிந்ததும் 0 ஆகவும் இருக்கும். முழு அளவீட்டுக்கு அதிகபட்சம் 35 மைக்ரோநொடி ஆகும் என்பதால் டீபக்கில் கையால் தட்டச்சு செய்யும்போது காத்திருக்கவே வேண்டாம். நிரலில் மட்டும் அந்தப் பிட்டைப் பார்த்துக் காத்திருங்கள். பிறகு 302, 303 இரண்டையும் படியுங்கள்.

12-ஆம் கால் ட்ரிம்பாட் வழியாக 8-ஆம் காலோடு சேர்ந்திருப்பதால் அட்டை இருமுனை அளவில் இருக்கிறது. அனலாக் உள்ளீடு 13-ஆம் காலுக்குப் போனால் அளவு மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வோல்ட் வரை. 14-ஆம் காலுக்குப் போனால் அதன் இரு மடங்கு. முதல் வகை என்றால் ஒரு படி 2.44 மில்லிவோல்ட். 0 வோல்ட்டுக்கு விடை 0 அல்ல, நடு எண்ணான 2048. ஆகவே 302-இல் வந்த எண்ணை 16-ஆல் பெருக்கி, 303-இல் வந்ததை 16-ஆல் வகுத்துக் கூட்டி, 2048-ஐக் கழித்தால் படிகளின் எண்ணிக்கை கிடைக்கும்.

சிறுபட்டறை எழுதியது:

13-ஆம் காலுக்குத்தான் போகிறது. உள்ளீட்டைத் தரையோடு இணைத்தபோது 302-இல் 80-உம் 303-இல் 10-உம் வந்தன. இருநிலைவாசி சொன்ன டிஏஎஸ்-8 அமைப்போடு ஒப்பிட்டேன், பொருந்தவில்லை. ட்ரிம்பாட்டைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டுமா? இந்த நிரலை லினக்ஸில் எழுத முடியுமா, அல்லது டாஸிலேயே இருப்பது நல்லதா?

ஆய்வகத்துணை எழுதியது:

பதினாறுநிலையில் 80, 10 என்றால் பதின்மத்தில் 128, 16; கணக்கிட்டால் 2049. அதாவது பூச்சியத்திலிருந்து ஒரு படி மட்டுமே விலகல். ட்ரிம்பாட்டைத் தொடவே வேண்டாம். பழைய ட்ரிம்பாட்டுகளைத் திருப்பினால் தொடர்பு விட்டுவிட்டுப் பிடிக்கத் தொடங்கும். திருத்தத்தை நிரலிலேயே செய்யுங்கள்: சுமை இல்லாதபோது வரும் எண்ணையும், சான்றளிக்கப்பட்ட எடையைத் தொங்கவிட்டபோது வரும் எண்ணையும் குறித்து, இரண்டுக்கும் இடையே நேர்கோடு வரைந்தால் கிலோகிராமில் விடை கிடைக்கும். ஒரே ஓர் எடையோடு நின்றுவிடாமல், இயந்திரத்தின் அளவில் கால் பங்கு, அரைப் பங்கு, முழு அளவு என்று ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். சுமையை மின்னழுத்தமாக மாற்றும் லோட்செல் வயதானதாக இருந்தால் ஏறும்போதும் இறங்கும்போதும் வேறுபட்ட எண்கள் வரும், அது அட்டையின் குறை அல்ல. மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக் குறைக்க, சரியாக 20 மில்லிநொடிக்குள் சீரான இடைவெளியில் பல அளவீடுகள் எடுத்துச் சராசரி போடுங்கள்.

டாஸ், லினக்ஸ் இரண்டிலும் முடியும். லினக்ஸில் நிர்வாகி உரிமையோடு ஐஓபெர்ம் அழைப்பின் மூலம் 300 முதல் 16 முகவரிகளுக்கு மட்டும் அனுமதி பெற்று நேரடியாகப் படிக்கலாம். முடிவுகளைக் கோப்பில் சேமித்து வேறு கணினிக்கு அனுப்பும் வசதிக்காக நான் லினக்ஸையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் மோட்டாரை நிறுத்தும் பொறுப்பை இரண்டிடமும் ஒப்படைக்காதீர்கள். லினக்ஸில் வேறு ஒரு வேலை குறுக்கிட்டு உங்கள் நிரல் சற்றுத் தாமதமாகலாம். டாஸில் நிரல் சிக்கி நின்றால் ரிலே ஆனிலேயே இருந்துவிடும்.

எனவே 37 முனைக் கேபிளை மீண்டும் இணைப்பதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். 307-இல் 98 எழுதும் கணத்தில் 8255-இன் வெளியீடுகள் எல்லாம் 0 ஆகும். 0 வந்தால் ரிலேக்கள் அனைத்தும் விடுபட்ட நிலையில் இருக்கின்றன என்பதை மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் சோதியுங்கள். யுஎல்என்2003-இன் உள்ளீடு உயர்நிலைக்கு வந்தால்தான் ரிலே இழுக்கும் என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். இரண்டாவது, மேல் கீழ் எல்லைச் சுவிட்சுகளும் அவசர நிறுத்தப் பொத்தானும் கணினி வழியாக அல்லாமல் மோட்டார் கான்டாக்டரின் சுருளை நேரடியாகவே துண்டிக்கும்படி கம்பி இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதை மாற்றிவிட்டு, பிறகு நிரலை எழுதத் தொடங்குங்கள்.